ரேடியேட்டர் ஒழுகிய வருஷம்

உங்களில் எத்தனை பேர் காரின் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டிருக்கிறீர்கள்? சிரிக்காதீர்கள். நம் சின்ன வயசில் அதுதான் வைத்தியம். பொடி ஓட்டையாக இருந்தால் தூள் போய் அடைத்துக்கொள்ளும் என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். கார் வைத்திருந்த வீடுகளிலும் அதையே செய்தார்கள். இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும், நான் கண்ணால் பார்த்தவள்.

எங்கள் வீட்டில் அந்த மஞ்சள்தூள் சமையல்கட்டிலிருந்துதான் போனது. டப்பா பாதியாகிக் கிடந்ததைப் பார்த்த உம்மா முதலில் என்னைப் பிடித்தாள். "மூஞ்சில பூசிப் பூசித் தீத்தியாடி?" என்று காதைத் திருகினாள். நான் வல்லாஹி என்று சத்தியம் பண்ணி அழுதேன். அடுத்து பாத்திரம் கழுவ வருகிறவளின் முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொன்னாள். அவள் கோபித்துக்கொண்டு பாதிப் பாத்திரத்தோடு எழுந்து போனாள். அப்புறம்தான் காருக்கு அடியிலிருந்து மாமா வெளியே வந்தார், விரலெல்லாம் மஞ்சளாக. எங்கள் வீட்டில் ஒரு பொருள் குறைந்தால் எங்கே போச்சு என்று யாரும் கேட்க மாட்டார்கள். யார் எடுத்தா என்றுதான் கேட்பார்கள். அந்தக் குணம் எனக்கும் இருக்கிறது, மறைக்கவில்லை.

கார் பழையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களைக் காரைக்காலில் சொல்தா என்போம் இல்லையா, அப்படி ஒரு சொல்தா குடும்பத்தோடு பிரான்சுக்குக் கிளம்பியபோது வாப்பா அவரிடம் வாங்கியது. சாம்பல் நிறம். உள்ளே உட்கார்ந்தால் வெயிலில் காய்ந்த சீட்டு வாடையும், அந்தச் சொல்தா குடித்த சுருட்டு வாடையும் சேர்ந்து அடிக்கும். அந்தச் சுருட்டு வாடை எனக்குப் பிடிக்கும். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த வாப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பிறகு எதற்கு வாங்கினீர்கள் என்று உம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஓட்டியது மாமா, உம்மாவின் தம்பி. அரபு நாட்டில் ஒரு முதலாளிக்கு டிரைவராக இருந்தார். லீவில் வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவார், பாதி நேரம் அந்தக் காருக்கு அடியில்தான் கிடப்பார். அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து இறங்கினார். மற்றவர்கள் சென்ட்டும் சேலையும் கொண்டுவருவார்கள். மாமா அவற்றோடு ஒரு பிளாஸ்டிக் கேனும் கொண்டுவந்தார். அதற்குள் பச்சைப்பசேல் என்று ஏதோ தளும்பியது.

"லாத்தா, இதுக்குப் பேரு கூலன்ட். எங்க முதலாளி காருக்கு இதத்தான் ஊத்துவோம். வெறுந்தண்ணி ஊத்துனா அங்க வேலையவிட்டே தூக்கிப்புடுவாங்க" என்றார் மாமா. அக்காவை லாத்தா என்றுதான் எங்கள் பக்கம் கூப்பிடுவது.

"அங்க பாலைவனம், கொதிக்கும். இங்க என்னத்துக்குடா தம்பி இந்தச் சாயத்தண்ணி?"

"இங்க தண்ணியெல்லாம் உப்பு லாத்தா. ரேடியேட்டர அரிச்சு அரிச்சு சல்லடையாக்கிடுச்சு. போன லீவுல போட்ட மஞ்சத்தூளு எத்தன நாளக்கித் தாங்கும்?"

மாமா சொன்னது தப்பில்லை. எங்கள் தெருக் கிணறுகளில் அப்போதே கடல் ஏறிவிட்டது. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குடிதண்ணீரைக் காருக்கு ஊற்ற உம்மா விடுவாளா? கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் ரேடியேட்டர் அந்தக் கதிக்கு வந்தது. ஆனால் சாயத்தண்ணி என்று உம்மா வைத்த பேர் வீட்டில் நிலைத்துவிட்டது.

கார் நின்றது வீட்டுப் பக்கவாட்டில் ஒரு கீற்றுக் கொட்டகையில். அதே கொட்டகைத் தூணில்தான் பெருநாளைக்கு அறுக்கிற குர்பானிக் கிடாவையும் நீளக் கயிற்றில் கட்டியிருந்தோம். வாப்பா பேரில் கொடுப்பதாக நிய்யத்து வைத்து, குட்டியிலிருந்து வளர்த்த கிடா. குர்பானி ஆட்டுக்கு ஒரு குறை இருக்கக் கூடாது. கொம்பு முறியக் கூடாது, காது கிழியக் கூடாது, நொண்டக் கூடாது. அதனால் உம்மா அதை ஒரு புதுப்பெண்ணைக் காப்பதுபோல் காத்தாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர்களையெல்லாம், கண்ணூறு பட்டுவிடும் என்று சந்தேகத்தோடு விரட்டினாள். அந்தக் கிடாவின் நெற்றியைத் தேய்த்துவிட்டால் அது கண்ணை மூடிக்கொள்ளும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அதுதான் வேலை.

கிடாவுக்குப் புல் கொண்டுவந்தது பக்கத்துக் கிராமத்துச் சுரக்குடிக்காரி ஒருத்தி. நான் புல்லுக்கார அக்கா என்பேன். காலையில் வரப்புப் புல் அறுத்துக் கட்டி, தலைச்சுமையாக நடந்தே எங்கள் தெருவுக்கு வருவாள். கட்டை இறக்கும்போது தண்ணீர் சொட்டும், கொட்டகை முழுக்க அருகம்புல் மணக்கும். அவள் புருஷன் நெஞ்சுவலிக்காரன், ஒரு வேலைக்கும் போக முடியாதவன். அவளுக்கோ இடுப்பு போய்விட்டது. நடவுக்குக் குனிந்தால் நிமிர முடியாது. பெருநாள் சமயத்தில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் கிடா நிற்கும், மற்ற நாளில் பசு நிற்கும். அந்தத் தெருதான் அவள் குடும்பத்துக்குச் சோறு போட்டது. இதை அவளே வாய்விட்டுச் சொல்வாள். "இந்தத் தெரு மட்டும் இல்லன்னா நாங்க எல்லாம் ஏது பாயம்மா" என்று உம்மாவிடம் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

இனி ஒழுகலுக்கு வருகிறேன். மாமா பழைய தண்ணீரை இறக்கிவிட்டுச் சாயத்தண்ணியை ஊற்றினார். மறுநாள் காலையில் மூடியைத் திறந்து பார்த்தால் குறைந்திருந்தது. மேலும் ஊற்றினார். அடுத்த நாளும் குறைந்தது. ஆனால் தரையில் ஈரமே இல்லை. ஒழுகினால் கீழே தெரிய வேண்டாமா? மாமா காருக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து வைத்தார், சொட்டினால் கறை தெரியட்டும் என்று. காலையில் பேப்பரையே காணோம்.

"எவனோ தடயத்த எடுத்துட்டான் லாத்தா" என்றார் மாமா.

"போடா. பேப்பர கிடா தின்னுருக்கும்."

"சரி, பேப்பர கிடா தின்னுச்சு. அப்ப கூலன்ட்ட யாரு தின்னா?"

அதையும் கிடா குடித்திருக்கும் என்று உம்மா நினைக்கவே இல்லை. ஏன் என்றால் ஆட்டைப் பற்றி நம் எல்லோருக்கும் ஒன்று தெரியும், அது தண்ணீரில் சுத்தம் பார்க்கும். வாளியில் ஒரு துரும்பு மிதந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இன்னொரு ஆடு வாய் வைத்த தண்ணீரைத் தொடாது. எங்கள் கிடாவும் அப்படித்தான், உப்புத் தண்ணீரை வைத்தால் தும்மிவிட்டுத் தள்ளி நிற்கும். அது போய்க் காரிலிருந்து சொட்டுகிற சாயத்தை நக்கும் என்று யாருக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லை.

மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று வாப்பா ஒரு தடவை சொன்னார். மாமா கேட்கவில்லை. மெக்கானிக் என்றாலே அவருக்கு ஆகாது. "ஒரிஜினல் பார்ட்ட கழட்டிட்டு டூப்ளிகேட்ட மாட்டுவானுவோ மச்சான். பிரெஞ்சுக்கார வண்டி, ஒரு போல்ட்டு போனாலும் திரும்பக் கெடைக்காது" என்றார். வாப்பா தோளைக் குலுக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மெக்கானிக்கை நம்பியிருந்தால் அந்தச் சாயத்தண்ணி எங்கள் வீட்டு அன்னக்கூடையில் இறங்கியிருக்காது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மாமா முடிவாக இறங்கினார். காருக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தார். "அந்தப் பெரிய தேக்சாவக் குடுங்க லாத்தா" என்று கேட்டதற்கு உம்மா, "பிரியாணி ஆக்குற பாத்திரம்டா அது, மானங்கெட்டவனே" என்று திட்டிவிட்டுத் துணி ஊறப்போடும் வாயகன்ற பழைய அன்னக்கூடையைத் தள்ளினாள். மாமா ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்தார். சாயத்தண்ணி பளபளவென்று இறங்கியது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா, "தொட்டியோ, கைய ஒடச்சுருவேன்" என்றார். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் பிடித்து, திரும்ப ஊற்றிக்கொள்வதாக அவருக்குக் கணக்கு.

அப்புறம்தான் ஓட்டை தெரிந்தது. ரேடியேட்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் கீழ் ரப்பர்க் குழாய், கிளிப்புக்கு அடியில் மயிரிழை அளவு வெடித்திருந்தது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. விரலால் அமுக்கினால் உதடு பிரிவதுபோல் பிரிந்தது. மாமா பிளேடால் வெடித்த முனையை மட்டும் வட்டமாக அறுத்து எடுத்தார். மீதியை இழுத்து, உள்பக்கம் சோப்பு தடவி, திருகித் திருகி ஏற்றினார். கிளிப்பை முறுக்கினார். முறுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "இப்ப ஒழுவு பாப்பம்" என்று காரிடமே சொன்னார். அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குள் ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். மாமா அன்னக்கூடையை அப்படியே காருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளித்துத் தொழப் போனார். உம்மாவும் நானும் உள்ளே இருந்தோம். திரும்பி வந்து பார்த்தவர் போட்ட கத்தலில் தெருவே கூடிவிட்டது. அன்னக்கூடையில் கணிசமாகக் குறைந்திருந்தது.

"எவன்டா எடுத்தான்? தொழுவப் போன நேரம் பாத்து எவன்டா மொண்டுட்டுப் போனான்?"

சந்தேகம் நேரே எதிர்வீட்டு டிரைவர் மேல் விழுந்தது. அவர் தொழப் போகிறவர் இல்லை, அந்த வீட்டிலும் கார் இருந்தது. மாமா வாசலில் நின்று கேட்டேவிட்டார். டிரைவர் பல் குத்திக்கொண்டே வெளியே வந்தார்.

"ஒங்க சாயத்த எடுத்து நான் என்னங்க பண்ணப் போறேன், வேட்டிக்கா போட்டுக்கப் போறேன்? வாங்க, எங்க வண்டி மூடியத் திறந்து காட்டுறேன். மஞ்சளா இருக்குதா பச்சையா இருக்குதான்னு பாத்துக்கங்க."

திறந்து காட்டினார். அதுவும் மஞ்சள்தான். தெருவே சிரித்தது. மாமா முகம் சுண்டிப்போய் உள்ளே வந்தார். "வேற எங்கயாச்சும் ஒளிச்சு வச்சுருப்பான்" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் புலம்பினார். நான் சாயங்காலம் கிடாவின் நெற்றியைத் தேய்க்கப் போனபோது அதன் வாயோரம் ஈரமாகப் பச்சை ஒட்டியிருந்தது. உம்மாவிடம் சொன்னேன். "புல்லு திங்கிற வாய் பின்ன செவப்பாவா இருக்கும்? போய்ப் பாடத்தப் படி" என்றாள்.

மறுநாள் கிடா நின்ற இடத்திலேயே ஆடியது. ஒரு காலை எடுத்து வைக்கும், அது வேறு பக்கம் போய் விழும். தூணில் இடித்துக்கொள்ளும். "குடிச்சவன் மாதிரில்ல நிக்கிது" என்று மாமா சிரித்தார். உம்மா, "அஸ்தஃபிருல்லா, குர்பானி ஆட்டப் போய் என்ன பேச்சு பேசுற" என்று அதட்டினாள். கிடா வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது. பிறகு குடிப்பதையும் நிறுத்திக் கீழே படுத்துவிட்டது. அதன் கண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் சோறு வேண்டாம் என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வாப்பா மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கிடாவின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கினார். "வெஷம் மாதிரி இருக்கு. என்ன தீனி போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான். நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், புல் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை. ஊசி போட்டுவிட்டுப் போனார். கிடா அன்று பொழுது சாய்வதற்குள் செத்துப்போனது. பெருநாளுக்காகக் காத்து வைத்ததை யாருக்கும் உதவாமல் குழி தோண்டிப் புதைத்தோம். உம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன்.

விஷம் என்றதும் எல்லோர் மனசும் ஒரே இடத்துக்குப் போனது. அது குறுவைப் பயிர் பச்சை கட்டி நிற்கும் சமயம். சுரக்குடிப் பக்கம் வயலெல்லாம் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். டவுன் பஸ்ஸில் போனாலே அந்த நெடி மூக்கில் ஏறும். மருந்து அடித்த வரப்பில் அறுத்த புல் என்று முடிவாகிவிட்டது. யார் முதலில் சொன்னது என்று எனக்கு நினைவில்லை. உம்மாவாக இருக்கலாம், பக்கத்து வீடாக இருக்கலாம்.

அடுத்த நாள் காலை புல்லுக்கார அக்கா கட்டோடு வந்தாள். விஷயம் தெரியாமல் வழக்கம்போல் கொட்டகைக்குள் இறக்கப் போனாள்.

"வெளிய போட்றி அத!" என்று உம்மா கத்தினாள். "எங்க கிடாவக் கொன்னுட்டு இன்னும் என்னத்தக் கொல்ல வந்த?"

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. வெறும் தூணைப் பார்த்தாள். பிறகுதான் விஷயத்தை, டாக்டரே சொல்லிவிட்டதாகச் சேர்த்துச் சொன்னார்கள். அவள் கட்டைத் தலையிலிருந்து இறக்காமலே நின்றாள். தண்ணீர் முகத்தில் வடிந்துகொண்டிருந்தது.

"மருந்து அடிக்காத வரப்புலதான் பாயம்மா அறுத்தேன். எம்புள்ளைக மேல சத்தியமா சொல்றேன்."

"அப்ப ஆடு தானா செத்துச்சாக்கும்?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? என்னய இப்புடிச் சொல்லாதீங்கம்மா. நாலு வீட்டுல இது தெரிஞ்சா எங்கிட்ட யாரு புல்லு வாங்குவா? நான் எங்க போவேன்?"

மாமா அப்போது காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் துடைக்கிற துணி. துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். உம்மா கதவைச் சாத்தினாள். அக்கா அந்தக் கட்டோடு ஒவ்வொரு வீடாகப் போனாள். ஜன்னலில் நின்று நான் பார்த்தேன். ஒரு வீட்டிலும் கட்டு இறங்கவில்லை. குர்பானிக் கிடா சமாச்சாரம் ஆயிற்றே, யார் துணிவார்கள்? தெருமுனையில் கட்டைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையோடு போனாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் தெருவுக்கு வரவில்லை. அந்தக் கட்டு அங்கேயே கிடந்து காய்ந்தது, ஒரு மாட்டைக்கூட அதில் வாய் வைக்கவிடாமல் விரட்டினார்கள்.

இன்னொன்றும் நடந்தது. அதை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை. அக்கா போன பிறகு மாமா அன்னக்கூடையில் மீதியிருந்த சாயத்தண்ணியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினார். கேனில் இருந்ததையும் கொட்டினார். அன்னக்கூடையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். ரேடியேட்டரில் பழையபடி கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினார். லீவு முடிந்து கிளம்பும்வரை அந்த மூடியை அவர் திறந்து பார்க்கவில்லை. கார் அதற்குப் பிறகு கொஞ்ச காலம் ஓடி, நின்று, துருப்பிடித்து, பழைய இரும்புக்குப் போனது.

இதெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது. போன வருஷம் என் மருமகன் அவர் காருக்கு வீட்டிலேயே கூலன்ட் மாற்றினார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்கிறார், எல்லாவற்றுக்கும் இப்போது வீடியோ. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையாகச் சட்டியில் இறங்கியதும் திடீரென்று கத்தினார்.

"மாமி, பூனைய உள்ள புடிங்க! இது இனிப்பா இருக்கும், நக்கிடும்."

"நக்குனா என்ன?"

"செத்துரும் மாமி. வெஷம். நாய், பூனை, ஆடு எது குடிச்சாலும் மொதல்ல போதையில தள்ளாடும். அப்புறம் கிட்னி போயிடும். இந்தா, கேன்லயே போட்டுருக்கான் பாருங்க."

நான் பூனையைப் பிடிக்கவில்லை. இனிப்பு என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் புரிந்துவிட்டது. உப்புத் தண்ணீரைத் தொடாத கிடா அதை ஏன் நக்கியது, தரையில் ஏன் ஈரமில்லை, ஜும்ஆ நேரத்தில் அன்னக்கூடை ஏன் குறைந்தது எல்லாம். எதிர்வீட்டு டிரைவர் இல்லை, சுரக்குடிப் புல்லும் இல்லை. எல்லாரும் ஆளைத் தேடிக்கொண்டிருந்தோம்.

மறுநாளே மாமா வீட்டுக்குப் போனேன். மாமாவுக்கு இப்போது சர்க்கரை, நடை குறைந்துவிட்டது. பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், அந்தக் குர்பானிக் கிடா செத்ததே, நினைவிருக்கிறதா என்று.

"எந்தக் கிடா? அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்குது" என்றார். உடனேயே, "அதான் புல்லு வெஷம்னு டாக்டரே சொன்னாரே" என்றார்.

கிடா நினைவில்லையாம், டாக்டர் நினைவிருக்கிறதாம். அதிலும் டாக்டர் சொல்லாததை. அவர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். ஒரு சொட்டுக்குத் தெருவைக் கூட்டிய மனிதர் மீதிச் சாயத்தை ஏன் சாக்கடையில் கொட்டினார்? முதலாளி வீட்டில் வருஷக்கணக்கில் அதைக் கையாண்டவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தே ஒரு பெண்ணைத் தெருவில் நிற்க வைத்தாரா? நான் கேட்கவில்லை. கிழவனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். ஆனால் சந்தேகம் போகவில்லை, போகாது.

உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். புல்லுக்கார அக்காவிடம் போய்ச் சொல்ல நான்தான் மிச்சம். ஆட்டோ பிடித்துச் சுரக்குடிக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், ஒரு நல்ல செய்தியைக் கொண்டுபோகிற நினைப்புதான் எனக்கு. ஒரு பிஸ்கட் பொட்டலமும் பழமும் வாங்கிக்கொண்டேன். முன்னே காரைக்காலுக்குப் புல் விற்க வருவார்களே ஒரு அக்கா, அவர் வீடு எது என்று விசாரித்ததும் வழி காட்டினார்கள். சிமெண்டு வீடு. வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முதுகு அப்படியே மடிந்துபோயிருந்தது. தெரு பேரைச் சொன்னதும், "காரு நின்ன வீடா?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன். காரில் ஊற்றும் சாயத்தண்ணி, அது ஒழுகியது, அது இனிக்கும், கிடா அதைக் குடித்துத்தான் செத்தது. உங்கள் புல்லில் ஒன்றுமில்லை அக்கா என்றேன். அவள் கை நின்றுவிட்டது.

"திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். சந்தோஷப்படுவாள், இல்லை திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"அப்ப அவரு மருந்து அடிக்கலயா?"

"யாரு அக்கா?"

"எங் கொழுந்தன். அன்னக்கி அவரு வரப்புலதான் அறுத்தேன். நீங்க வெரட்டுனதும் நேரா அவரு வீட்டு வாசல்ல போய் மண்ண வாரித் தூத்துனேன். எனக்குச் சொல்லாம மருந்து அடிச்சு எம்பொழப்பக் கெடுத்துட்டியேன்னு. அடிக்கல அண்ணின்னு கால்ல விழுந்தாரு. திருநள்ளாத்துல கையில கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணாரு. நான் நம்பல. பாயம்மா வீட்டுல பொய் சொல்லுவாங்களா, டாக்டரு பொய் சொல்லுவாரான்னு நெனச்சேன்."

நான் கொண்டுபோன பிஸ்கட் பொட்டலத்தைப் படியில் வைத்தேன்.

"பொய்ச் சத்தியம் பண்ணுன குடும்பம்னு ஊரெல்லாம் சொன்னேன். அவரு பொண்ணுக்கு வந்த சம்மந்தத்தயெல்லாம் நானே போய்க் கலச்சேன். ஒண்ணுல்ல, வந்ததெல்லாம். போன கார்த்திகையில அவரு செத்தாரு. நான் போவல."

கீரையை முறத்தோடு தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"எங்கிட்டச் சொன்னா பத்தாது. வா. பக்கத்து வீட்டுலதான் இருக்குது அந்தப் பொண்ணு. நீயே சொல்லு, நான் சொன்னா நம்பாது."

தட்டியதும் கதவு திறந்தது. அவருடைய பொண்ணு என்றதும் நான் ஏதோ சின்னப் பெண்ணை நினைத்திருந்தேன். நம் வயசுதான் அவளுக்கும். நரைத்த தலை, தாலி ஏறாத வெறுங்கழுத்து. பெரியம்மா தன் வாசலில் நிற்பதைப் பார்த்துப் பதறி ஒரு அடி பின்னால் போனாள். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கார், கூலன்ட், கிடா, புல். குறுக்கே ஒரு கேள்வி கேட்காமல், நிலைப்படியைப் பிடித்தபடி கேட்டாள். கிழவி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

நான் முடித்ததும் அந்தப் பெண் நிலைப்படியிலிருந்து கையை எடுத்தாள்.

"சரிங்க. எங்கிட்டச் சொல்லிட்டீங்க. இத எங்க அப்பாகிட்ட யாரு சொல்றது?"